கட்டணத்துக்கு மேல் எதற்கு இந்த 3 வீதம்? யாழ்ப்பாணத்துத் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பும் டிப்ளோமாவும் நடத்தும் தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும் நிதிப் பிரிவினருக்கும்,

வருகிற செமஸ்டருக்கான கட்டண அறிவித்தலில் உங்களில் ஒரு நிறுவனம் புதிதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது. கார்டில் பணம் செலுத்துவோர் கட்டணத்துக்கு மேல் 3 வீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும் என்கிறது அந்த வரி. இதுவரை கருமபீடத்தில் வாய்ப்பேச்சாக வாங்கிவந்ததை இப்போது எழுத்தில் விதியாக்கிவிட்டார்கள். கடனட்டையா டெபிட் கார்டா என்ற வித்தியாசம்கூட இல்லை. என் மகள் அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறாள். இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மகள் இன்னும் அங்கே படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றது, இது ஒரு வாசலோடு நிற்கும் வழக்கம் இல்லை. யாழ் நகரத்திலும் அதை அடுத்த திருநெல்வேலிப் பக்கத்திலும் வேறு இடங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரோடு கதைத்தால், அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வீதம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், வாங்கும் விதம் ஒன்றுதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

போன செமஸ்டர் நான் கட்டிய காசை வைத்தே சொல்கிறேன். கட்டணம் 240,000 ரூபா. கருமபீடத்தில் இருந்த பிள்ளை என் கார்டை வாங்கியதும் கல்குலேட்டரை எடுத்து எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் 247,200 என்று அடித்தாள். ஏன் என்று கேட்டேன். "அன்ரி, இது நாங்கள் எடுக்கிறேல்லை, பாங்க்தான் எடுக்கிறது" என்றாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொல்கிறாள். அன்று அவள் தந்த இரண்டு கடதாசிகளும் சேர்த்துப் பின் அடித்தபடி என்னிடம் இருக்கின்றன. மெஷினில் வந்த துண்டில் 247,200. நிறுவனத்தின் முத்திரை குத்திய பற்றுச்சீட்டில் 240,000. இடையில் உள்ள 7,200 ரூபாவுக்கு எந்தக் கடதாசியும் இல்லை. அது கட்டணமா, வரியா, தண்டமா என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. உங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த 7,200 எந்தத் தலைப்பின் கீழ் ஏறுகிறது? நான்கு வருடப் படிப்புக்கு எட்டு செமஸ்டர் என்றால் ஒரு பிள்ளைக்கு 57,600 ரூபா. பற்றுச்சீட்டு இல்லாமல் இவ்வளவு காசை ஒரு குடும்பத்திடம் வாங்குவது சரியா?

வங்கிதான் எடுக்கிறது என்ற பதிலை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் உண்டு. நானும் கணவரும் சுன்னாகத்தில் சின்னப் புத்தகக் கடை ஒன்று நடத்துகிறோம். கொப்பி, பேனை, பயிற்சிப் புத்தகம், போட்டோ கொப்பி, இவ்வளவுதான் எங்கள் வியாபாரம். எங்கள் மேசையிலும் ஒரு கார்ட் மெஷின் இருக்கிறது. ஒருவர் 1,000 ரூபாவுக்கு கார்ட் போட்டால் அவருடைய கணக்கில் 1,000 ரூபாதான் கழியும். அந்தக் காசு எங்கள் கணக்குக்கு வரும்போது வங்கி தன் கழிவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் போடும். அந்தக் கழிவில் கார்டைக் கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு, மெஷினைக் கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு, நடுவில் நிற்கும் விசாவுக்கோ மாஸ்டர்கார்ட்டுக்கோ ஒரு பங்கு. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுக்க வியாபாரிக்கும் வங்கிக்கும் இடையிலானது. கார்டைக் கொண்டு வருகிற ஆளிடம் மெஷின் வைத்திருப்பதற்கான செலவை வங்கி கேட்பதில்லை. கேட்பது நீங்கள்.

மெஷினைத் தரும்போது வங்கி எங்களிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. காசுக்கு என்ன விலையோ அதே விலைதான் கார்டுக்கும் என்று அதில் இருக்கிறது. உங்களுக்கும் எந்த வங்கியும் சும்மா மெஷின் தந்திருக்காது, ஒப்பந்தம் போட்டுத்தான் தந்திருக்கும். இலங்கை மத்திய வங்கியும் இந்த விஷயத்தைப் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறது: கார்ட் கழிவு வியாபாரி ஏற்க வேண்டிய செலவு, அதை வாடிக்கையாளரிடம் வாங்குவது வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது, அப்படி யாராவது வாங்கினால் வங்கிக்கு முறைப்பாடு செய்யலாம். சுன்னாகச் சந்தையில் கொப்பி விற்கும் எங்களுக்கு இது தெரிந்திருக்கிறது, நாங்கள் அதன்படி நடக்கிறோம். கணக்கியலும் வணிக முகாமைத்துவமும் கற்பிக்கும் நிறுவனங்கள் அதே விதியை மீறுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அதுவும் ஏன் 3? எங்கள் கடையில் வங்கி பிடிப்பது அதைவிடக் குறைவு. எங்களுக்கு ஒரு வருடத்தில் நடக்கும் கார்ட் வியாபாரம் கட்டணக் காலத்தில் உங்களுக்கு ஒரு காலையிலேயே நடந்துவிடும். தொகை கூடினால் வங்கியோடு கதைத்து வீதத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். டெபிட் கார்டுக்குக் கழிவு கடனட்டையைவிடக் குறைவாக இருப்பதும் வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வீதம் 2 என்று வைத்துக்கொண்டால், 247,200 ரூபாவில் வங்கி 4,944 ரூபாவைப் பிடிக்கும். உங்கள் கணக்குக்கு 242,256 வரும். அதாவது காசாகக் கட்டிய பிள்ளையைவிட கார்டில் கட்டிய பிள்ளையிடமிருந்து 2,256 ரூபா கூடுதலாக வந்திருக்கும். உங்கள் வீதம் 2 இல்லை என்றால் எவ்வளவு என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாத வரைக்கும் இந்த 3 வீதம் செலவை ஈடுசெய்யத்தான் என்று எந்தப் பெற்றோரும் நம்பத் தேவையில்லை.

யார் கார்டில் கட்டுகிறார்கள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டரை லட்சத்தைக் கையில் வைத்திருப்பவர் கடனட்டையைத் தேட மாட்டார். கையில் இல்லாதவர்தான் தேடுவார். எங்களைப் போன்ற கடைக்காரருக்குக் காசு புரள்வது பள்ளிக்கூட வருடம் தொடங்கும் நேரத்தில். தோட்டக்காரருக்கு வெங்காயமோ புகையிலையோ விற்கும்போது. கடற்தொழில் செய்பவருக்குக் கடல் விட்டால்தான் காசு. உங்கள் கடைசித் திகதி இவர்கள் ஒருவரையும் பார்த்து வருவதில்லை. கடனட்டையில் போட்டால் 50 நாள் வரைக்கும் வட்டியில்லாமல் அவகாசம் கிடைக்கலாம், அல்லது வங்கியோடு கதைத்து ஆறு மாதத் தவணையாக மாற்றலாம். அந்தத் தவணைக்கும் வங்கி தனியாக ஒரு கட்டணம் எடுக்கும். அதற்கு மேல்தான் உங்கள் 3 வீதம் வருகிறது.

கார்ட் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அடுத்த வழி அடைவு. மகளின் முதல் வருடக் கட்டணத்துக்கு என் காப்புச் சோடியை வங்கியில் அடைவு வைத்தேன். கட்டணக் காலத்தில் வங்கிகளின் அடைவுப் பகுதிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். கைக்குட்டையில் சங்கிலியை முடிந்துகொண்டு வரிசையில் இருக்கும் தாய்மாரிடம் எதற்கு என்று கேட்டால், பலர் பிள்ளையின் படிப்புக்கு என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை வைத்த நகையை மீட்டு முடிக்க முதலே அடுத்த செமஸ்டர் வந்துவிடும். அதிலிருந்து தப்பத்தான் கார்டுக்கு வந்தோம். இப்போது அதற்கும் நீங்கள் விலை வைத்திருக்கிறீர்கள்.

"அப்ப பாங்கில போடுங்கோவன்" என்றும் உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அது காசு உள்ளவருக்கான வழி என்பதை விடுவோம். அந்த வழியாவது ஒழுங்காக இருக்கிறதா? இணையத்தில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போடும் காசு இப்போதெல்லாம் சில நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அதைப் பார்த்துப் பிள்ளையின் பெயரில் பதிய உங்கள் அலுவலகத்துக்கு நாட்கள் எடுக்கிறது. அந்த இடைவெளியில் கடைசித் திகதி கடந்தால் தண்டம். மகளோடு படிக்கும் ஒரு பையன் காசு போட்டும் பெயர் பதிவாகாததால் பரீட்சை அனுமதி அட்டை கிடைக்காமல் நின்றான். வங்கிச் செயலியைத் திறந்து, காசு போன விபரம் இருக்கும் திரையைக் கருமபீடக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பாருங்கோ மிஸ், முந்தநாளே போயிட்டுது" என்று அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. வங்கி வழியாகக் கட்டினால் இப்படி நிற்க வேண்டும், நிற்க முடியாதவர் கார்டில் கட்டி 3 வீதம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு நீங்கள் விட்டிருக்கும் வழிகள் இவைதான்.

இன்னொரு குடும்பத்துக்கு நடந்ததையும் அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு பிள்ளை உயர்தரம் எழுதிப் பெறுபேறும் வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி எப்போது வெளியாகும், எங்கே இடம் கிடைக்கும், கிடைக்குமா என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் காலம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் காலம் வீணாகக்கூடாது என்று பெற்றோர் தனியார் நிறுவனம் ஒன்றில் கார்டில் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். பிறகு இசட் வெட்டுப்புள்ளி வந்து, அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. நிறுவனம் பதிவுக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்தது. விதி அப்படித்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மேலதிகமாக வாங்கிய 3 வீதம் திரும்பி வரவில்லை. கேட்டபோது பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னார்கள். பற்றுச்சீட்டில்தான் அந்தக் காசு இல்லையே! அந்தத் தாய் அதோடு விட்டுவிட்டார். இப்படி விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் மெஷின் கணக்கையும் பற்றுச்சீட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களே அறியலாம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் எடுக்கின்றன என்பது உங்கள் நிதிப் பிரிவில் எனக்குக் கிடைத்த அடுத்த பதில். உண்மைதான், அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கார்டில் கட்டுவோரிடம் 3 வீதத்தை ஒட்டிய சேவைக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அது எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லப்படும், கட்டணத்திலிருந்து பிரித்துக் காட்டப்படும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டினால் பெரும்பாலும் அந்தக் கட்டணம் இருக்காது. எங்கள் சனம் நிறைந்திருக்கும் கனடாவை எடுங்கள். 2022 ஒக்டோபரிலிருந்து அங்கே வியாபாரிகள் விசா, மாஸ்டர்கார்ட் கடனட்டைகளுக்கு மேலதிகமாக வாங்கலாம். ஆனால் உச்சம் 2.4 வீதம், தங்களுக்கு ஆகும் செலவைவிடக் கூட வாங்க முடியாது, முன்னரே அறிவிக்க வேண்டும், பற்றுச்சீட்டில் தனியாகக் காட்ட வேண்டும். கியூபெக் மாகாணத்தில் அதற்கும் அனுமதி இல்லை. பிரித்தானியாவில் 2018 ஜனவரியிலிருந்து சாதாரண மக்களின் கார்டுக்கு மேலதிகக் கட்டணம் வாங்குவதே சட்டத்தால் தடை. வெளிநாடுகளில் தடை இருக்கிறது, இல்லாவிட்டால் கட்டுப்பாடு இருக்கிறது. நீங்கள் வாங்கும் காசுக்கோ ஒரு பற்றுச்சீட்டுக்கூட இல்லை.

கனடா என்றதும் என் தம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு செமஸ்டர் கட்டணத்தை அவன் ஸ்காபரோவிலிருந்து தன் கார்டிலேயே கட்டினான். வெளிநாட்டு நாணயம் என்று அவனுடைய வங்கி 2.5 வீதம் எடுத்தது, நீங்கள் 3 வீதம் எடுத்தீர்கள். "அக்கா, இனி உண்டியலில அனுப்பிவிடுறன், நீங்கள் காசாக் கட்டுங்கோ" என்றான். உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்பும் வழி. இங்கே பிள்ளைகளின் படிப்புச் செலவில் எவ்வளவு பங்கு புலம்பெயர்ந்த உறவுகளின் காசு என்று உங்களுக்குத் தெரியும். 2022 இல் டொலர் இல்லாமல் இந்த நாடு எரிபொருள் வரிசையில் நின்றது. அந்தக் காசு வங்கி வழியாக வர வேண்டும் என்று நாடு கேட்டுக்கொண்டிருக்க, வங்கி வழியாக வந்ததற்கு நீங்கள் எங்களிடம் காசு அறவிடுகிறீர்கள்.

உங்களுக்கும் செலவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கட்டட வாடகை, கொழும்பிலிருந்து வரும் விரிவுரையாளர்களின் செலவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டியது எல்லாம் இருக்கும். கார்ட் கழிவும் அதில் ஒன்று. ஆனால் காசை எண்ணவும் ஆள் வேண்டும், அதை வங்கிக்குக் கொண்டுபோகவும் வேண்டும், சில காசோலைகள் திரும்பியும் வரும். அந்தச் செலவுக்காகக் காசில் கட்டுவோரிடம் நீங்கள் தனியாக வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. கார்டில் கட்டுவோரிடம் மட்டும் ஏன்? அதைவிட, மாணவரைச் சேர்க்கும் காலத்தில் கார்டில் வட்டியில்லாத் தவணை வசதி உண்டு என்று பதாகை வைப்பதும் நீங்கள்தான். அந்த வசதியைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்த பிறகு, அதைப் பாவிக்க வரும்போது பெற்றோரிடம் மேலதிகமாகக் கேட்கிறீர்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு வழி திறந்தது உங்களால்தான். என் மகளைக் கொழும்பில் தங்கவைத்துப் படிப்பிக்க எங்களால் முடிந்திருக்காது. அங்கே படிப்பிக்கும் விரிவுரையாளர்களிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டணத்தைக் குறையுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒத்துக்கொண்ட கட்டணத்தை வாங்குங்கள், அதற்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கார்டில் கட்டுவோரிடம் மேலதிக வீதம் வாங்குவதை வருகிற செமஸ்டருக்கு முதலே நிறுத்துங்கள். கடனட்டைக்கும் டெபிட் கார்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த வரியை நீக்கித் திருத்திய அறிவித்தலைத் தமிழிலும் அனுப்புங்கள். இப்போது வந்திருப்பது ஆங்கிலத்தில் மட்டும்தான், அதை வாசிக்கப் பிள்ளையையே கேட்க வேண்டிய பெற்றோர் பலர் இருக்கிறார்கள்.

இதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த கட்டணத்தில் கழித்துவிடுங்கள். படிப்பை விட்டு விலகிய பிள்ளைகளுக்கு அடுத்த கட்டணம் என்று ஒன்று இல்லை. அவர்களுக்குக் காசாகவே கொடுக்க வேண்டும்.

கட்டணத்தைக் கார்டைவிடக் குறைந்த கழிவில் வாங்க கைபேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டும் லங்காகியூஆர் முறை இருக்கிறது, அதைக் கருமபீடத்தில் வையுங்கள். இணையவழியில் வரும் காசை அடுத்த வேலைநாளுக்குள் பதியுங்கள். காசு உங்கள் கணக்குக்கு வந்த நாளையே கட்டிய நாளாக எடுங்கள். உங்கள் பதிவு பிந்தியதற்காகப் பிள்ளைகளிடம் தண்டம் வாங்கவோ அனுமதி அட்டையை மறிக்கவோ வேண்டாம்.

இந்த நிறுவனங்களுக்கு மெஷின் கொடுத்திருக்கும் வங்கிகளின் யாழ்ப்பாணக் கிளை முகாமையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் கடைக்குச் சொன்ன அதே விதியை இவர்களுக்கும் சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் மெஷின் துண்டையும் கொண்டுவந்து முறையிடும் பெற்றோரைத் திருப்பி அனுப்பாமல் எழுத்தில் முறைப்பாடு எடுங்கள்.

பெற்றோரே, மாணவரே, இரண்டு கடதாசிகளையும் எறியாமல் வைத்திருங்கள். முதலில் உங்கள் வங்கியிடம் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவின் இலக்கம் 1935, நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977.

நிர்வாகத்தினரே, கட்டணத்தின் கடைசித் திகதிக்கு முதல் எழுத்தில் பதில் தாருங்கள். உங்கள் வங்கி உண்மையில் பிடிக்கும் வீதம் எவ்வளவு, இதுவரை இந்த வழியில் வாங்கிய மொத்தத் தொகை எவ்வளவு, அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்ற மூன்றும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் என்னிடமுள்ள இரண்டு கடதாசிகளின் பிரதியோடு மத்திய வங்கிக்கு முறைப்பாடு அனுப்புவேன். தங்கள் கடதாசிகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லி மற்றப் பெற்றோரையும் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
சுன்னாகம்.